மெதுவாகும் லேப்டாப்பும் மிரட்டும் திரையும்



கூட்டமைப்புக் கூட்டங்களில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அக்கா, கணக்கு போடுற லேப்டாப் ஆமை மாதிரி நகருது. நடுவுல வைரஸ் வைரஸ்னு சிவப்பா ஏதோ வருது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். முதலில் இந்தப் பாடத்தை ஒருமுறை படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் வாசித்துக் காட்டுங்கள். "நான் லேப்டாப்பைத் தொட்டதே இல்லையே, எனக்கு எதுக்கு இது?" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது நம் எல்லோருடைய சேமிப்புக் கணக்கு. உப்பு சுமந்து, கருவாடு விற்று, வாரா வாரம் கட்டிய பணத்தின் கணக்கு.

நம்ம பக்கத்தில் நடந்தது

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு ஊர். அங்கே குழுக் கணக்குகளை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றுவது ஒரு இளம்பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப் நம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெண்ணின் படிப்பு முடிந்தது, லேப்டாப் குழு வேலைக்கு வந்தது.

சில மாதங்களாகவே அது மெதுவாக ஓடியது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தாலும் திரை தயாராக இருக்காது. மூலையில் "5 வைரஸ் இருக்கிறது" என்று அடிக்கடி ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. "நீதான் கெடுத்துட்டே" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மறுநாள் வங்கிக் கடன் இணைப்புக்குக் கணக்கு காட்ட வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு உட்கார்ந்தாள். திடீரென்று திரை முழுக்க சிவப்பு. சங்கு ஊதுவது மாதிரி சத்தம். "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது. வங்கி விவரங்கள் திருடப்படுகின்றன. அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று ஆங்கிலத்தில் ஓடியது. கீழே ஒரு போன் நம்பர்.

பேசிவிட்டாள். மறுமுனையில் ஒரு ஆள், ரொம்ப மரியாதையாக, அரைகுறைத் தமிழில் பேசினார். தன் இடத்திலிருந்தே திரையைப் பார்ப்பதற்கு ஒரு செயலியைப் போடச் சொன்னார். போட்டாள். திரையில் ஏதேதோ எழுத்துகளை ஓட விட்டு, "எல்லாம் வைரஸ்மா. சுத்தம் பண்ண 4,999 ரூபாய். பேங்க் அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க, ஓடிபி வரும், அதையும் சொல்லுங்க" என்றார்.

இங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. வங்கிக் கணக்கோடு இணைத்த போன் தலைவி அக்காவிடம் இருந்தது. ஓடிபி வேண்டும் என்றால் அவரிடம்தான் போக வேண்டும். இருட்டில் ஓடினாள்.

தலைவி அக்கா அப்போதுதான் அளத்திலிருந்து வந்து கால் கழுவிக் கொண்டிருந்தார்.

"அக்கா, ஓடிபி வரும், சீக்கிரம் சொல்லுக்கா!"

"என்னாத்துக்குடி ஓடிபி?"

"லேப்டாப்ல வைரஸ்க்கா. அவங்க சரி பண்ணித் தராங்க."

"எவங்க? பேரு என்னா, ஊரு என்னா?"

பதில் இல்லை.

"ரெண்டு பேரு கையெழுத்து இல்லாம பேங்க்ல நூறு ரூபா எடுத்திருக்கமாடி நாம? தீர்மானம் எழுதாம யாருக்காவது கடன் குடுத்திருக்கமா? மூஞ்சி தெரியாதவன் போன்ல கேட்டா மட்டும் குடுத்துடுவமா? போனை வை முதல்ல."

போனை வைத்தார்கள். நெட்டை நிறுத்தினார்கள். லேப்டாப்பை அணைத்தார்கள். மறுபடி போட்டுப் பார்த்தால், அழிந்துவிடும் என்று சொன்ன கணக்கு ஒன்றுகூட அழியவில்லை. பணமும் போகவில்லை.

காப்பாற்றியது கம்ப்யூட்டர் படிப்பு இல்லை. ஒருத்தர் மட்டும் முடிவு எடுக்கக் கூடாது என்ற குழு வழக்கம்தான். சகோதரிகளே, இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். காசோலைக்கு எப்படி ஒரே கையெழுத்து செல்லாதோ, அப்படித்தான் திரையில் வரும் மிரட்டலுக்கும் ஒருத்தர் மட்டும் பதில் சொல்லக் கூடாது.

மெதுவாவது வேறு, மிரட்டுவது வேறு

மறுநாள் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த ஒரு தம்பியை வரவழைத்துக் காட்டினார்கள். முதலில் அந்த ஆள் போடச் சொன்ன செயலியை எடுத்தார். அடுத்து முழுச் சோதனை ஓட்டினார். பெரிய வைரஸ் எதுவும் அகப்படவில்லை. மெதுவாக ஓடியதற்குக் காரணம், இடம் நிரம்பியிருந்ததும் காற்றாடி அடைத்திருந்ததும். மூலையில் வந்த பெட்டிக்குக் காரணம் வேறு. வீட்டில் யாரோ பாட்டு இறக்கும்போது ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்பதை அமுக்கியிருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வாசலில் நின்று, "செய்வினை இருக்கு, 5,000 குடுங்க, எடுத்துடறேன்" என்கிறார். காய்ச்சல் இருப்பது உண்மை. அதனால் அவர் சொல்வதும் உண்மை ஆகிவிடுமா? லேப்டாப் விஷயமும் இப்படித்தான். அது மெதுவாக ஓடுவதால் நமக்கு ஏற்கெனவே ஒரு பயம். அந்தப் பயத்தின் மேல்தான் திருடன் வலை வீசுகிறான்.

பொய் எச்சரிக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. அதில் போன் நம்பர் இருக்கும். விண்டோஸ் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனம், தன்னுடைய எச்சரிக்கைகளில் எப்போதும் போன் நம்பர் இருக்காது என்று சொல்லியிருக்கிறது. நம்பர் இருந்தால் பொய். இந்த ஒரு அடையாளமே போதும்.

2. சத்தம் போடும், அவசரப்படுத்தும். "5 நிமிடத்தில் அழியும்", "அணைக்காதே" என்று சொல்லும்.

3. நெட் பார்க்கும்போதுதான் வரும். அது வெறும் ஒரு இணையப் பக்கம். சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி. போஸ்டரில் தீப்பிடித்த படம் போட்டிருந்தால் வீடு எரிகிறது என்று அர்த்தம் இல்லை.

4. பணம், கார்டு நம்பர், ஓடிபி கேட்பார்கள். அல்லது உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள்.

அந்தச் செயலிகள் எல்லாமே திருட்டுச் செயலிகள் இல்லை. அலுவலகங்களில் நல்ல வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. எனிடெஸ்க் என்ற செயலியை வைத்துப் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது.

இது படிக்காதவர்களை மட்டும் ஏமாற்றும் வேலை என்றும் நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் சிபிஐ "ஆபரேஷன் சக்ரா 2" என்ற பெயரில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை போட்டது. மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் அதில் உண்டு. நம் நாட்டில் கால் சென்டர் வைத்துக்கொண்டு, "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு" என்று திரையில் காட்டி, வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் பறித்ததுதான் குற்றச்சாட்டு. நன்றாகப் படித்த வெளிநாட்டுக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். அதனால் நம்மில் ஒருத்தி ஏமாந்தால் அவளை முட்டாள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மிரட்டும் திரை வந்துவிட்டால்

* கையை எடுங்கள். அந்தத் திரையில் எதையும் அமுக்க வேண்டாம். "மூடு" என்று அதிலேயே இருக்கும் பொத்தானும் போலியாக இருக்கலாம்.

* நெட்டை நிறுத்துங்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் அதை அணையுங்கள்.

* எஸ்கேப் விசையைச் சில விநாடி அமுக்கிப் பிடியுங்கள். முழுத்திரை சின்னதாகும். பிறகு ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அமுக்கினால் அந்தப் பக்கம் மூடும்.

* மூடவில்லையா? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். குரோம், எட்ஜ் என்று நீங்கள் நெட் பார்த்த செயலியின் பெயரைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள்.

* அதுவும் முடியவில்லை என்றால், பவர் பொத்தானைப் பத்து விநாடி வரை விடாமல் அமுக்குங்கள். அணைந்துவிடும். சேமிக்காத வேலை போகலாம். சேமித்த கணக்கு போகாது.

* மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

* பிறகு குழுவில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

மூலையில் எட்டிப் பார்க்கும் பெட்டிக்கு வேறு வைத்தியம். குரோமில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். எந்தெந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்தோம் என்று பட்டியல் இருக்கும். தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். நம்ம ஊர்ப் பெண்ணின் லேப்டாப்பில் இதைச் செய்ததும் அந்தப் பெட்டி வருவது நின்றுவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

உண்மையிலேயே வைரஸ் இருந்தால்?

இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வைரஸ் பார்க்கும் வசதி உள்ளேயே இலவசமாக இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கேடயப் படத்தோடு வரும். அதில் "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்" போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் "ஃபுல் ஸ்கேன்" கொடுங்கள். மணிக்கணக்கில் ஓடும். சாயந்திரம் சார்ஜரை மாட்டி ஓட விட்டுவிட்டு நம்ம வேலையைப் பார்க்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் அங்கேயே "ஆஃப்லைன் ஸ்கேன்" என்று இருக்கும். லேப்டாப் தானே அணைந்து, சுமார் 15 நிமிடம் சோதித்துவிட்டுத் திரும்ப வரும்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2017 பிப்ரவரியில் "சைபர் ஸ்வச்சதா கேந்திரா" என்ற மையத்தைத் தொடங்கியது. வைரஸ் நீக்கும் கருவிகளை மக்களுக்கு இலவசமாகக் கொடுக்கத்தான் அந்த மையம்.

இரண்டு ஆன்டிவைரஸைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு காவல்காரர்கள் வைத்து, அவர்கள் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்துக்கொள்வது மாதிரி ஆகும். லேப்டாப்பும் மெதுவாகும். "காசு கட்டாமல் கிராக் பண்ணிப் போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். பல நேரம் வைரஸ் வருவதே அந்தக் கிராக் வழியாகத்தான்.

பென்டிரைவ் விஷயத்திலும் கவனம் தேவை. பிரிண்ட் எடுக்க பிரவுசிங் சென்டரில் குத்துகிறோம், பத்துப் பேர் குத்திய கம்ப்யூட்டர் அது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நம் கோப்புகள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். "எல்லாம் போச்சே" என்று அழுது ஃபார்மட் பண்ணிவிடாதீர்கள். அந்த வகை வைரஸ் நம் கோப்புகளை மறைத்துத்தான் வைத்திருக்கும். பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்த ஷார்ட்கட்டை மட்டும் திறக்காமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பென்டிரைவைக் குத்தியதும் அதன் மேல் வலது பொத்தானை அமுக்கி, ஸ்கேன் கொடுத்த பிறகே திறப்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

அப்போ ஏன் மெதுவா ஓடுது?

கீழே சொன்ன வரிசையிலேயே பாருங்கள். காசு செலவில்லாத காரணங்கள் முதலில், செலவு வைப்பவை கடைசியில்.

ஒன்று, ரீஸ்டார்ட். நம்மில் பலர் மூடியை மட்டும் மூடி வைக்கிறோம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11-ல் சீக்கிரம் திறப்பதற்காக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதனால் "ஷட் டவுன்" கொடுத்தாலும் உள்ளே பழைய நினைவில் ஒரு பகுதி அப்படியே இருக்கும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் முழுதாகத் துடைத்துவிட்டுத் தொடங்கும். வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இரண்டு, இடம். "திஸ் பிசி" திறந்து சி டிரைவைப் பாருங்கள். அதில் உள்ள பட்டை சிவப்பாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு இடம்கூடக் காலி இல்லை என்று அர்த்தம். சாமான் நிரம்பிய வீட்டில் நடக்க முடியுமா? டவுன்லோட்ஸ் பகுதியில் கிடக்கும் சினிமா, பாட்டு, திரும்பத் திரும்ப இறக்கிய படிவங்களை எடுத்துப் போடுங்கள். பிறகு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். குப்பைக்கூடையில் இருக்கும் வரை அது வீட்டுக்குள்தானே இருக்கிறது. ஆனால் "விண்டோஸ்" என்று பெயர் போட்ட பகுதிக்குள் எதையும் அழிக்கக் கூடாது.

மூன்று, கூட்டம். லேப்டாப் திறந்ததுமே நாம் கூப்பிடாமல் பல செயலிகள் எழுந்து உட்காரும். டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப்" என்ற பகுதியில் அவற்றின் பட்டியல் இருக்கும். தேவையில்லாததை "டிசேபிள்" செய்யலாம். செக்யூரிட்டி, ஆடியோ என்று இருப்பதைத் தொடாதீர்கள். பெயர் புரியாததையும் விட்டுவிடுங்கள்.

நான்கு, சூடு. இது நம்ம கடற்கரைக்கே உரிய தொல்லை. மழை மாதத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? நீர் கசியும். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். அளத்துக் காற்றில் வரும் உப்புத்தூள் லேப்டாப்பின் காற்றாடிக்குள் போய்த் தூசியோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. ஈரம் சேர்ந்தால் உள்ளே இருக்கும் செம்பு பச்சை பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். காற்றாடி சரியாகச் சுற்றாவிட்டால் சூடு வெளியே போகாது. அப்போது லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் நாமும் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதானே மறுபடி பாத்தியில் இறங்குகிறோம்? அதே மாதிரிதான்.

அதனால் மெத்தை, பாய், துணி மேல் வைத்து ஓட்டாதீர்கள். பலகை மேல் வையுங்கள். கடல் பக்கத்து சன்னல் ஓரம் வேண்டாம். வேலை முடிந்து சூடு ஆறியதும் பையில் போட்டு மூடுங்கள். வெளியே இருக்கும் காற்றுத் துளைகளை ஆஃப் செய்துவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி ஆகாது. உள்ளே சுத்தம் செய்வதைப் பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். மழை மாதத்தில் வேலை இல்லை என்று மாதக்கணக்கில் மூடிப் போடாமல், வாரம் ஒருமுறை சற்று நேரம் ஓட்டுங்கள். பேட்டரி உப்பி, அடிப்பாகம் புடைத்துக்கொண்டு இருந்தால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஐந்து, வயது. பழைய லேப்டாப்பில் நினைவகம் 2 ஜிபி அல்லது 4 ஜிபிதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கும் தட்டு மாதிரி சுற்றும் வகை. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற சுற்றாத வகையைப் போட்டு, நினைவகத்தையும் கூட்டினால் பழைய லேப்டாப்பும் நன்றாக ஓடும். புதிது வாங்குவதைவிடச் செலவு குறைவு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் மட்டும் தாமதிக்காதீர்கள். மற்ற எந்த வேலைக்கும் முன்னால் கணக்கை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

கணக்குக்கு மூன்று இடம்

2017 மே 12-ஆம் தேதி "வான்னாகிரை" என்ற வைரஸ் உலகத்தையே கலக்கியது. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஆந்திரப் பிரதேச போலீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. இதில் வருத்தம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"அப்டேட் வந்தா லேப்டாப் நேரம் எடுக்குது" என்று தள்ளிப் போடுகிறோமே, அது கூரை ஓட்டையை அடைக்காமல் ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது மாதிரி. விண்டோஸ் 7-க்கு அப்டேட் வருவது 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. உங்கள் லேப்டாப் பழையது, விண்டோஸ் 11 ஏறாது என்றால், லினக்ஸ் என்ற இலவச வகை இருக்கிறது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸ் அதில் ஒன்று. அதில் தமிழும் உண்டு. போடும்போது கோப்புகள் அழிய வாய்ப்பு உண்டு என்பதால், நகல் எடுத்த பிறகே தெரிந்தவரை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகல் இருந்தால் எந்த வைரஸும் நம்மை மிரட்ட முடியாது. கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும். லேப்டாப்பில் ஒன்று. பென்டிரைவில் ஒன்று, அது வேறொரு உறுப்பினர் வீட்டில் இருக்க வேண்டும், நகல் எடுக்கும் நேரம் தவிர லேப்டாப்பில் குத்தியே வைக்கக் கூடாது. மூன்றாவது, நம் பழைய பேரேடு. காகிதத்தை வைரஸ் தின்னாது. "லேப்டாப் வந்துடுச்சே, நோட்டு எதுக்கு?" என்று யாரும் நோட்டை மூடிவிடாதீர்கள்.

பணம் போய்விட்டால், ஓடிபி சொல்லிவிட்டால்

முதலில் நெட்டை நிறுத்துங்கள். உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அடுத்து 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கைக்குப் போகாமல் தடுக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாமல், வேறு போனிலிருந்து மாற்றுங்கள். வந்த எண், நேரம், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். புகாருக்கு அதுதான் சாட்சி. போடச் சொன்ன செயலியையும் நீக்கிவிடுங்கள்.

இதில் எல்லாவற்றையும் கெடுப்பது வெட்கம். "வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவார், குழுவுல பேர் கெட்டுடும்" என்று இரண்டு நாள் மறைத்தால், அந்த இரண்டு நாளும் திருடனுக்குத்தான் லாபம். ஆகவே கணக்கு எழுதும் பெண் வந்து "தப்பு நடந்துடுச்சு" என்று சொன்னால், முதல் வார்த்தை ஏச்சாக இருக்கக் கூடாது. "நல்லவேளை சொன்னியே" என்பதாக இருக்கட்டும். நம்ம ஊர்ப் பெண் மூலையில் பெட்டி வந்த முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி ஓட்டமே இருந்திருக்காது. அவள் சொல்லாததற்குக் காரணம் நாம்தான். நம் வாய்க்குப் பயந்துதானே சொல்லவில்லை?

அந்தக் குழு அதைப் புரிந்துகொண்டது. கணக்கை ஒரு வாரம் கழித்துக் காட்டினார்கள். கடனும் கிடைத்தது. அதே பெண்தான் இன்றைக்கும் கணக்கு எழுதுகிறாள். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்: "லேப்டாப்பில் எச்சரிக்கை வந்தால் அன்றே இரண்டு பேருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவரை யாரும் குறை சொல்லக் கூடாது. ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. மாதக் கூட்டத்தன்று கணக்கை நகல் எடுக்க வேண்டும்."

உங்கள் குழுவிலும் இப்படி ஒரு தீர்மானம் எழுதுங்களேன்.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுக் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது? கடைசியாக நகல் எடுத்தது எப்போது?

2. வங்கிக் கணக்கோடு இணைந்த போன் யாரிடம் இருக்கிறது? கணக்கு எழுதுபவரும் ஓடிபி வருபவரும் ஒரே ஆளா?

3. திரையில் ஒரு எச்சரிக்கை வந்தால் அது பொய் என்று காட்டும் முதல் அடையாளம் எது?

4. 1930 எந்த எண் என்று எல்லா உறுப்பினருக்கும் தெரியுமா? ஒருத்தர் கேட்க, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.

5. தப்பு செய்துவிட்டு வந்து சொல்பவரை நம் குழுவில் எப்படி நடத்துகிறோம்?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள்.